முறை வராதவருக்கு ஒரு நத்தைக்கல்

கீழப்பழுவூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புத் தங்கை சசிகலாவுக்கு, அக்கா செங்கமலம் எழுதுவது.

தென்றல் நன்றாக இருக்கிறாள். இதை முதல் வரியிலேயே எழுதிவிட்டேன், இனி பதறாமல் மீதியைப் படி. கையில் காலில் ஒரு கீறல் கிடையாது. இன்று காலை எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றினேன், சீயக்காய் கண்ணில் பட்டுவிட்டது என்று தெருவே கேட்கும்படி கத்தினாள். இட்லி தின்றுவிட்டு இப்போது வாசலில் பாண்டி ஆடிக்கொண்டிருக்கிறாள். அவள் ஓடு எறியும் சத்தம் கேட்கிற இடத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். போனில் நீ அழுவாய், நான் கத்துவேன், அதற்குள் உன் மேடம் கூப்பிட்டுவிடுவார்கள். எதுவும் முழுசாக வந்து சேராது. நம் தர்மராஜ் லீவு முடிந்து புதன்கிழமை குவைத்துக்குக் கிளம்புகிறார். வியாழக்கிழமை உன்னிடம் கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். வெள்ளிக்கிழமை நீ போன் போடுவதற்கு முன்னால் இதைப் படித்துவிட வேண்டும். ஏனென்றால் வெள்ளிக்கிழமை நீ ஒரு பதில் சொல்லியாக வேண்டும்.

உன் மூத்தார் அங்கமுத்து உனக்கு ஏற்கெனவே போன் போட்டுவிட்டார், தெரியும். பக்கத்தில்தான் நின்றேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளையைத் தொலைத்துவிட்டார்கள், வருகிற திங்கள் போய் அடுத்த திங்கட்கிழமை பெரம்பலூர் ஹாஸ்டலில் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன் என்றார். நீயும் அழுதுகொண்டே உங்கள் இஷ்டம் என்று சொன்னாய். அவர் சொன்னதில் பொய் இல்லை. தம்பி போன நாளிலிருந்து தம்பி பிள்ளைக்குத் தானே அப்பன் என்று நிற்கிற மனிதர், அவர் பொய் சொல்ல மாட்டார். ஆனால் அவர் வந்தது பாதிக் கதையில். நான் முழுசாகச் சொல்கிறேன். கேட்டுவிட்டு நீயும் என்னைத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

அந்தப் பள்ளிக்கூடத்தை நீ நேரில் பார்த்ததில்லை. முந்திரித் தோப்புக்குள் ஒரு ஓட்டுக் கொட்டகை, சுற்றிலும் முள்வேலி, இருபது பிள்ளைகள், இரண்டு டீச்சர்கள். டீச்சர் என்று கூப்பிட்டால் அவர்களுக்குப் பிடிக்காது, அக்கா என்று கூப்பிட வேண்டும். பெரியவள் மணிமொழி. காலையில் பிள்ளைகளே கூட்டிப் பெருக்குவார்கள், செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள், அப்புறம் மண்ணில் ஏதாவது கட்டுவார்கள், இடிப்பார்கள். முந்திரிக்கொட்டையை வரிசையாக வைத்துக் குறிபார்த்து அடித்துவிட்டு, யாருக்கு எத்தனை என்று கூட்டிக் கழித்தால் அதுதான் கணக்கு. முதல் தடவை பார்த்தபோது, இது பள்ளிக்கூடமா சர்க்கஸ் கம்பெனியா என்று வாய்விட்டே கேட்டேன். மணிமொழி சிரித்துக்கொண்டு, ரெண்டுந்தாங்க்கா என்றாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்கு எரிச்சலாகத்தான் வந்தது.

ஆனால் சசி, அதற்கு முந்தின வருஷம் தென்றல் அரியலூர்ப் பள்ளிக்கூடத்துக்கு வேனில் போன காலத்தை நினைத்துப் பார். வேன் ஹாரன் கேட்டாலே தின்றதைக் கக்கிவிடுவாள். நகத்தை ரத்தம் வரக் கடித்தாள். அப்போதுதானே நீயே ஒரு வருஷம் தோப்புப் பள்ளிக்கூடத்தில் விட்டுப்பார் அக்கா என்றாய். இப்போது எனக்கு முன்னால் எழுந்து, நான் சடை பின்னுகிற நேரம்கூடப் பொறுக்காமல் ஓடுகிறாள். வாரா வாரம் புது நகம் வெட்டுகிறேன்.

அங்கே இரண்டு வழக்கம் உண்டு. அதைச் சொல்லாமல் முந்தாநாள் வெள்ளிக்கிழமை நடந்தது உனக்கு விளங்காது.

ஒன்று, துணி. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு துண்டுத் துணி, வீட்டிலிருந்து கொண்டுவந்தது. யாருடனும் சேராமல் கொஞ்ச நேரம் தனியாக இருக்க வேண்டும் என்று தோன்றினால், வாசல் பூவரச மரத்தில் கட்டியிருக்கும் கயிற்றில் தன் துணியைப் போட்டுவிட்டு வேலிக்குள் எங்காவது போய் உட்கார்ந்துகொள்ளலாம். துணி தொங்குகிற வரை அந்தப் பிள்ளையை யாரும் கூப்பிடக் கூடாது, தேடக் கூடாது, டீச்சர்கள்கூட. தென்றலுக்கு நீ விட்டுப்போன பச்சைச் சுங்குடியில் முந்தியைக் கிழித்துக் கொடுத்தேன். திட்டாதே, வேறு எதைக் கொடுத்தாலும் வேண்டாம் என்றாள்.

இன்னொன்று, நத்தைக்கல். ஓடையிலும் சுண்ணாம்புக்கல் வெட்டுகிற பக்கத்திலும் நத்தை மாதிரி சுருண்ட கல் கிடக்குமே, நாமும் சின்னதில் பொறுக்கி எறிந்தது. இந்த ஊர் ஒரு காலத்தில் கடலாம், அது கடல் பூச்சியாம். வாரம் ஒரு நாள் டீச்சர்கள் பிள்ளைகளை ஓடைக்குக் கூட்டிப்போவார்கள். உடையாத முழுக் கல் யாருக்குக் கிடைக்கிறதோ அவர்களுக்கு முறை. மறுநாள் அவர்கள் என்ன சொல்கிறார்களோ அதுதான் எல்லாருக்கும் ஆட்டம். முடியாது என்று யாரும் சொல்லக் கூடாது. கல் கிடைத்தவர் தானே முறையை எடுத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் இதுவரை முறையே வராத ஒருவருக்கு அந்தக் கல்லைக் கொடுத்துவிடலாம். நம் தெருப் பூக்காரி மகள் சண்முகப்பிரியா, ஆறு வயசுதான், அவளுக்குப் போன மாதம் முறை வந்தது. மத்தியானம் வரைக்கும் எல்லாரும் வாத்து மாதிரி குந்திக்கொண்டே நடக்க வேண்டும் என்று சொல்லிவிட்டாள். எங்கள் மாவு மில்லிலிருந்து மாவு கொடுக்கப் போன உன் மாமாவும் மாட்டிக்கொண்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேலியிலிருந்து கொட்டகை வரை குந்தியபடியே போனாராம். மறுநாள் இடுப்புக்கு நான்தான் தைலம் தேய்த்தேன்.

இனி வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

வழக்கம்போல மத்தியானம் போனை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். நீ பேசினாய். பெரியப்பா பெரம்பலூரில் நல்ல ஹாஸ்டல் பார்த்திருக்கிறார், கோடை வகுப்பு இப்போதே ஆரம்பிக்கிறதாம், இங்கிலீஷ் நன்றாக வரும், நீ சமர்த்தாகப் போய்ச் சேர வேண்டும் என்று அவளிடம் சொன்னாய். நீ, தங்கம், அம்மா எதுக்குச் சொல்றேன்னா, என்று ஆரம்பித்தாய். பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. வரேன் மேடம் என்றாய். போன் நின்றுவிட்டது.

எதற்குச் சொன்னாய் என்பது அந்தப் பிள்ளைக்கு இன்றுவரை தெரியாது சசி. உன்னைக் குறை சொல்லவில்லை, உன் நிலைமை எனக்குத் தெரியாதா. ஆனால் அவள் அந்தப் போனையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைக் கேட்டாள், அம்மாவ எப்பப் பாரு யாரு பெரியம்மா கூப்பிடுறாங்க, என்று. அம்மா வேலை பார்க்கற வூட்டுக்காரம்மா, அவங்க சொல்றததான் அம்மா கேக்கணும் என்றேன். அப்ப அம்மா சொல்றத யாரு கேப்பாங்க என்றாள். மில்லில் நாலு பேர் அரிசியோடு காத்திருக்கிறார்கள், எனக்கு அவசரம். அதெல்லாம் ஒரு காலம் வரும் போடி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அரைத்துக்கொண்டிருந்தபோது மணிமொழி போன் வந்தது. அக்கா, தென்றல் உங்ககிட்ட வந்தாளா என்று கேட்டாள். மில் சத்தத்தில் முதலில் கேட்கவில்லை. இரண்டாம் தடவை கேட்டதும் கையிலிருந்த படி கீழே விழுந்துவிட்டது. மெஷினை நிறுத்தக்கூடத் தோன்றாமல் ஓடினேன். உன் மாமாதான் நிறுத்திவிட்டு, டிவிஎஸ் எடுத்துக்கொண்டு பின்னால் வந்து வழியில் என்னை ஏற்றிக்கொண்டார்.

என்ன நடந்தது என்றால், நான் போனதும் அவள் துணியைக் கயிற்றில் போட்டுவிட்டு முந்திரி மரத்தடியில் போய் உட்கார்ந்திருக்கிறாள். எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். கொஞ்ச நேரம் கழித்துத் துணியை எடுத்திருக்கிறாள், வேலியில் நாய் நுழைகிற சந்து வழியாக வெளியே போயிருக்கிறாள், போகிற அவசரத்தில் துணி பூவரச மரத்தடியிலேயே விழுந்துவிட்டது. சண்முகப்பிரியா வந்து பார்த்திருக்கிறாள். ஐயோ, அக்கா துணி காற்றில் விழுந்துவிட்டது, யாராவது போய்த் தொந்தரவு செய்துவிடுவார்களே என்று அதை எடுத்து, மண்ணைத் தட்டி, மறுபடியும் கயிற்றில் போட்டுவிட்டாள். நல்லதுக்குத்தான் செய்தாள். அதற்குப் பிறகு துணி தொங்குவதைப் பார்த்துப் பார்த்து யாரும் தேடவில்லை. மோர் கொடுக்கிற நேரத்துக்கும் வரவில்லையே என்று மணிமொழிதான் மனசு கேட்காமல் முந்திரி மரத்தடிக்குப் போய்ப் பார்த்திருக்கிறாள். அங்கே யாரும் இல்லை.

அந்தத் தோப்புக்குப் பின்னால் ஓடை, ஓடையைத் தாண்டினால் பழைய சுண்ணாம்புக்கல் பள்ளம். வெட்டி முடித்துவிட்டு மூடாமல் விட்டது. மழைத் தண்ணீர் நின்று பச்சைப் பசேல் என்று கிடக்கிறது, ஆழம் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. போன வருஷம் ஒரு மாடு போனது, கொம்பு கூடக் கிடைக்கவில்லை. அந்தக் கரையில் போய் நின்று தண்ணீரைப் பார்த்தேன் பார், உன் முகத்தில் எப்படி விழிப்பேன் என்பது கூட அப்போது தோன்றவில்லை. உன் பெயரே நினைவில் இல்லை. 

அதற்குள் சேதி கேட்டு உன் மூத்தார் வந்துவிட்டார். சட்டையோடு, வேட்டியோடு, செருப்பைக் கூடக் கழற்றாமல் இறங்கினார். அவருக்கு நீச்சல் அரைகுறை என்று உனக்கும் தெரியும். கழுத்து வரை தண்ணீர், காலால் தடவித் தடவிப் பார்க்கிறார். உன் மாமா கரையில் நின்று, வேணாங்க, மேல வாங்க, தீயணைப்புக்குச் சொல்லியாச்சு என்று கெஞ்சுகிறார். அவர் காதில் எதுவும் ஏறவில்லை.

இந்த நேரத்தில் பள்ளிக்கூடத்து மணி அடிக்க ஆரம்பித்தது. மணி என்றால் ஒரு தண்டவாளத் துண்டு, இரும்புக் கம்பியால் அடிப்பார்கள். நிற்காமல் அடிக்கிறார்கள். எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. ஓடிப்போய் மணிமொழியின் கையைப் பிடித்து, பிள்ளையக் காணும், ஒனக்கு மணி ஒரு கேடா என்று கேட்டேன். அதைவிட மோசமாகவும் சொன்னேன், இங்கே எழுத முடியாது. அவள் முகம் வெளுத்துக் கிடந்தது. மணி அடிச்சா எங்க இருந்தாலும் வந்துடணும்னுதாங்க்கா சொல்லிக் குடுத்துருக்கோம், அவ மறக்க மாட்டா என்றாள். கையை உதறிக்கொண்டு மறுபடியும் அடித்தாள். உள்ளங்கையில் ரத்தம் கட்டியிருந்ததை அப்புறம்தான் பார்த்தேன்.

அவள் வந்தாள் சசி. ஓடைப் பாதையில், பாவாடை முன்புறத்தை மடியாகப் பிடித்துக்கொண்டு, கொஞ்சமும் அவசரமில்லாமல் வந்தாள். என்னைப் பார்த்து, மணி அடிச்சீங்கல்ல, அதான் வந்துட்டேன் என்றாள். ஓங்கி ஒரு அறை விட்டேன். என் கை, நான்தான் அடித்தேன். பிறகு கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன், எவ்வளவு நேரம் என்று தெரியாது.

பள்ளத்துக்கு அந்தப் பக்கத்து மண்மேட்டின் மறுசரிவில் கல் தேடிக்கொண்டிருந்தாளாம். மடியில் ஒரு நத்தைக்கல் இருந்தது. உள்ளங்கை அகலம், ஒரு விளிம்பு கூட உடையாதது.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அவள் பாவாடை முழங்கால் வரைக்கும் நனைந்திருந்தது. ஓடையில் இப்போது தண்ணீர் கிடையாது. இதை நான் உன் மூத்தாரிடம் சொல்லவில்லை, மணிமொழியிடமும் சொல்லவில்லை. என் சேலையால் மறைத்துத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். உன்னிடம் மறைத்துவிட்டு, அவளை இங்கேயே விடு என்று உன்னைக் கேட்க எனக்கு வாய் வராது. அதனால் எழுதிவிட்டேன்.

அங்கமுத்து தண்ணீர் சொட்டச் சொட்ட வந்தார். பிள்ளையைத் தலை முதல் கால் வரை தடவிப் பார்த்தார், அவர் கையே ஈரம், பாவாடை ஈரம் அவருக்குத் தெரியவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அந்த மனிதர் தம்பியைத் தூக்கிப்போன அன்றுகூட அழுததில்லை. அழுது முடித்து எழுந்து, இனி ஒரு நாள் கூட இங்க இல்ல என்றார். பிறகுதான் உனக்குப் போன் போட்டார்.

நேற்று சனிக்கிழமை பள்ளிக்கூடத்தில் எல்லாரையும் வரச் சொல்லி வட்டமாக உட்கார வைத்தார்கள். உன் மூத்தார் உட்காரவில்லை, வாசலிலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சண்முகப்பிரியா எழுந்து நின்று, நாந்தான் துணியத் திரும்பப் போட்டேன் என்று சொல்லிவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதது. யாரும் அதைத் திட்டவில்லை. மணிமொழி எல்லாருக்கும் முன்னால், தப்பு எங்களோடதுங்க, துணியப் பார்த்தோம், புள்ளையப் பார்க்கல என்று சொன்னாள். வேறு ஒரு சமாதானமும் சொல்லவில்லை. இனிமேல் துணியைக் கயிற்றில் போடக் கூடாது, ஒரு டீச்சர் கையில் கொடுக்க வேண்டும், கொடுத்த பிள்ளை மேல் அந்த டீச்சர் தூரத்திலிருந்தே ஒரு கண் வைத்திருக்க வேண்டும் என்று பிள்ளைகளே முடிவு செய்தார்கள். வேலிச் சந்தை உன் மாமா அடைத்துவிட்டு வந்தார். பள்ளத்தைச் சுற்றிக் கம்பி போடச் சொல்லி நாங்கள் எல்லாரும் மனுக் கொடுக்கப் போகிறோம்.

எதற்கடி போனாய் என்று கேட்டால் தென்றல் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள். கெஞ்சிப் பார்த்தேன், அதட்டிப் பார்த்தேன். கல்லைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு தூங்குகிறாள். எனக்குத் தெரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். கல் கையில் இருந்தால் அவள் சொல்கிறதுதான் ஆட்டம். ஹாஸ்டலுக்குப் போக மாட்டேன் என்று சொல்வதற்குத்தான் தேடிப் போயிருப்பாள்.

செவ்வாய்க்கிழமை.

கடிதத்தை ஞாயிற்றுக்கிழமையே ஒட்டிவிடலாம் என்று இருந்தேன். ஒட்டாததும் நல்லதாகப் போயிற்று.

இன்று காலை உன் மூத்தார் ஆட்டோவில் சாமான்களோடு வந்து இறங்கினார். ஒரு தகரப் பெட்டி, வாளி, மக், தட்டு, டம்ளர். எல்லாவற்றிலும் தென்றல் பெயரை நீலப் பெயின்டில் அவரே எழுதியிருந்தார். கோணல்மாணலாகத்தான் இருந்தது, ஆனால் ஒரு டம்ளரைக் கூட விடவில்லை. அவள் வெளியே வந்து பெட்டியைப் பார்த்தாள். தன் பெயரை விரலால் தடவினாள். உள்ளே போய்ப் பச்சைத் துணியை எடுத்துவந்து பெட்டியின் கைப்பிடியில் கட்டினாள். பிறகு கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

என்னம்மா இது, பெட்டிக்குக் கொடி கட்டிட்டுப் போறா என்று கேட்டார். துணி வழக்கத்தைச் சொன்னேன். இந்தத் துணியால்தானே இவ்வளவும் வந்தது, அவிழ்த்து எறியப்போகிறார், பிள்ளையைக் காலைப் பிடித்து வெளியே இழுக்கப்போகிறார் என்று கட்டிலுக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். அவர் துணியைத் தொடவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, கட்டில் தெரிகிற மாதிரி உட்கார்ந்தார். சரி, அவளா வரட்டும் என்றார்.

காப்பி ஆறி ஆடை கட்டிவிட்டது. அவரும் குடிக்கவில்லை, அவளும் வரவில்லை. அப்புறம் அவர் மெதுவாகச் சொன்னார். தண்ணிக்குள்ள தடவுனப்ப காலுக்கடியில துணி மாதிரி ஒண்ணு தட்டுச்சு செங்கமலம், பாசிதான், ஆனா அது இன்னும் காலை விட்டுப் போவல. ஹாஸ்டல் பேச்சால் அவர் மேல் இத்தனை நாள் இருந்த கோபம் எனக்கு எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

போகும்போது, பெத்தவ அவ இருக்கா, அன்னிக்கு அழுதுகிட்டே சொன்னத நான் கணக்குல எடுக்கல, வெள்ளிக்கெழம யோசிச்சு ஒரு வார்த்தை சொல்லட்டும் என்றார். சேருன்னு சொன்னா திங்கக்கெழம வண்டியோட வரேன், வேணான்னா பெட்டியில நெல்லு போட்டு வச்சுக்க என்றார். அவள் காதில் விழட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னார்.

அவர் போனதும் அவள் வெளியே வந்து துணியை அவிழ்த்துக்கொண்டாள். பக்கத்தில் உட்கார வைத்து, தர்மராஜ் மாமா நாளைக்கு அம்மாவிடம் போகிறார், ஏதாவது கொடுத்தனுப்புகிறாயா என்று கேட்டேன். முறுக்கு, படம் என்று ஏதாவது சொல்வாள் என்று பார்த்தேன். ஓடிப்போய் அந்தக் கல்லை எடுத்துவந்து என் கையில் வைத்தாள்.

அம்மாவுக்குத்தான் எடுத்தேன் என்றாள். அம்மாவுக்கு இன்னும் மொறையே வரல்ல பெரியம்மா, எப்பப் பாரு அவங்க சொல்ற ஆட்டந்தான அம்மா ஆடுறாங்க.

நான் நினைத்தது அத்தனையும் தப்பு சசி. தனக்காக அவள் அந்த மேட்டுக்குப் போகவில்லை.

எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. இத நீயே வச்சுகிட்டா ஹாஸ்டல் வேணான்னு சொல்லலாமேடி என்று கேட்டேன். அது என் மொறையாயிடும்ல என்றாள். சரி, அம்மா என்ன சொன்னாலும் ஆடுவியா என்றேன். கல் வச்சுருக்கறவங்க சொன்னா ஆடணும் என்றாள். ஹாஸ்டலுக்குப் போன்னு சொன்னா என்று கேட்டேன். ஏன் கேட்டேனோ. துணியைச் சுருட்டிச் சுருட்டி விரித்தாள். அப்புறம், ஆடணும் என்றாள்.

உண்மையைச் சொல்கிறேன், இந்தக் கல்லை உனக்கு அனுப்பாமல் அரிசிப் பானைக்குள் போட்டுவிடலாமா என்று நினைத்தேன். எனக்குப் பிள்ளை இல்லை. ஐந்து வயசில் அவளை நீ என் இடுப்பில் வைத்துவிட்டுப் போனாய், இப்போது எட்டு ஆகிறது. திங்கட்கிழமை அவள் பெட்டியோடு போய்விட்டால் அந்த வாசலில் ஓடு எறிகிற சத்தம் கேட்காது. அவள் அந்தத் தோப்புப் பள்ளிக்கூடத்திலேயே இருந்தால் நல்லது என்று நான் நினைப்பது அவளுக்காகவா எனக்காகவா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பள்ளமும் அங்கேதான் இருக்கிறது. முழங்கால் ஈரமும் நான் பார்த்ததுதான். மணி அடித்ததும் வந்தாளே, அதுவும் நான் பார்த்ததுதான். மூன்றையும் நீ பார்.

தர்மராஜிடம் ஒரு டப்பா முந்திரிப்பருப்பு, நார்த்தங்காய் ஊறுகாய், இரண்டு நைட்டி கொடுத்திருக்கிறேன். இந்த வருஷம் பூ எடுத்த நேரத்தில் பனி அதிகம், முந்திரி காய்ப்பு மட்டம்தான். கல் நைட்டிக்குள் சுற்றி வைத்திருக்கிறது. கஸ்டம்ஸில் கேட்டால் குழந்தை விளையாட்டுச் சாமான் என்று சொல்லும்படி தர்மராஜிடம் சொல்லியிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை பேசும்போது கல்லை மடியில் வைத்துக்கொள். அவள் முதலில் அதைத்தான் கேட்பாள், வந்துதாம்மா என்று. அப்புறம் பேசாமல் இருப்பாள், உன் ஆட்டம் என்ன என்று கேட்பதற்காக. உனக்கு முறை வந்திருக்கிறது. நீ என்ன சொன்னாலும் அவள் ஆடிவிடுவாள். எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடு. முதுகு வலிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. நம் குலசாமி நீ நிற்கிற இடத்திலும் உனக்குப் பக்கத்தில் நிற்கட்டும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன் தங்கம். போ என்றாலும் சரி, இரு என்றாலும் சரி, எதற்குச் சொல்கிறாய் என்பதை அன்றைக்காவது முழுசாகச் சொல். உன் மேடம் கூப்பிட்டால் கூப்பிடட்டும். பாதியில் வைத்துவிடாதே.

உன் நினைவாகவே இருக்கும்
அக்கா செங்கமலம்.